36 வயதில் ஆட்டிசம் என்றார்கள், அடுத்து எங்கே போவது?

கேள்வி: சொந்த ஊர் சேலம். பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன். வயது 36. ஒயிட்ஃபீல்டில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. மகனைப் பரிசோதிக்கப் போன இடத்தில், "நீங்களும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். இப்போது எனக்கும் ஆட்டிசம் என்று 14 பக்க ரிப்போர்ட் கையில் இருக்கிறது. அடுத்து என்ன என்று யாரும் சொல்லவில்லை. 12,000 ரூபாய் கொடுத்தால் மாற்றுத்திறனாளி அட்டை வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா? ஆபீசில் சொல்லலாமா, மேடம்?

பதில்: கொடுக்க வேண்டாம். மற்றதெல்லாம் அப்புறம்.

யுடிஐடி எனப்படும் இந்த மாற்றுத்திறனாளி அட்டைக்கு விண்ணப்பிக்க அரசு ஒரு பைசா வாங்குவதில்லை. அரசின் ஸ்வாவலம்பன் இணையதளத்தில் நீங்களே பதியலாம். டைப் செய்துதர சைபர் சென்டர்காரர் ஐம்பதோ நூறோ கேட்டால் அது நியாயம். "டாக்டரை எனக்குத் தெரியும்" என்பவரிடம் போனால் மாட்டிக்கொள்வது அவரல்ல, நீங்கள்தான். மாற்றுத்திறனாளிகளுக்கான சலுகையை மோசடியாகப் பெற்றால் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி 2 ஆண்டு வரை சிறைக்கு இடமுண்டு.

இப்படிப்பட்ட தரகர்கள் இங்குள்ள தமிழர்களிடம் வழக்கமாகச் சொல்வது ஒன்று உண்டு. "உங்கள் ஆதார் சேலம் முகவரி, இங்கே செல்லாது, மாற்றித் தருகிறேன்." என்னிடம் வந்த மர்ஃபி டவுன்காரர் ஒருவர் இதை நம்பி, முன்பின் தெரியாத வீட்டின் வாடகை ஒப்பந்தத்தில் ஆதாரை மாற்றிவிட்டு, பிறகு பேங்கில் போய் மாட்டிக்கொண்டார். விதி என்ன சொல்கிறது? முகவரிச் சான்றில் இருக்கும் மாவட்டத்தில் விண்ணப்பிக்கலாம். அல்லது நீங்கள் சிகிச்சை பெறும் அரசு மருத்துவமனையிலும் விண்ணப்பிக்கலாம். இந்த 'அல்லது'வை யாரும் வாயால் சொல்வதில்லை. கவுன்டரில் இருப்பவரே "ஊருக்குப் போங்க" என்று அனுப்பிவிடுவதும் உண்டு. பெங்களூருவில் ஓர் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் ஓபி சீட்டு போட்டு, சிகிச்சையைத் தொடர்ந்தால் அந்தச் சீட்டே உங்களுக்கு ஆதாரம். அதைத் தொலைக்காதீர்கள். கவுன்டரில் மறுத்தால், மறுப்பை எழுத்தில் கேளுங்கள். பாதிப் பேர் அந்த இடத்திலேயே இறங்கி வந்துவிடுவார்கள்.

சரி, இந்த அட்டை உங்களுக்கு இப்போதே வேண்டுமா? பழைய வரிமுறையில் இருந்தால் வருமான வரியில் 75,000 ரூபாய் கழிவு கிடைக்கும். அரசு வேலைக்கு முயல்பவருக்கு இட ஒதுக்கீடு உண்டு. தனியார் வேலையில் இருக்கும் உங்களுக்கு அவசரம் ஒன்றுமில்லை.

அவசரம் உங்கள் அன்றாடத்துக்குத்தான். ஆட்டிசத்துக்கு மருந்து கிடையாது. ஆனால் அதோடு ஒட்டிக்கொண்டிருக்கும் பதற்றம், மனச்சோர்வு, தூக்கமின்மை இவற்றுக்கு உண்டு. அவற்றை ஒரு மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். ஓசூர் ரோட்டில் இருக்கும் அரசு மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸுக்கே போகலாம், அங்கே தமிழில் பேசி வருகிறவர்கள் ஏராளம். இரவில் தாங்க முடியாமல் போனால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அழையுங்கள், தமிழிலும் பேசுவார்கள். ஸ்டெம் செல் ஊசி, ஆக்சிஜன் அறை, முடியை ஆய்வு செய்து உலோகம் எடுப்பது என்று உங்களிடமோ, இன்னும் மோசமாக உங்கள் மகனுக்காகவோ யாராவது வந்தால், வாசலோடு அனுப்பிவிடுங்கள். கவுன்சலிங் தருகிறேன் என்பவரிடம் ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் கேளுங்கள். மூன்று நாள் வகுப்பில் 'ஆட்டிசம் கோச்' ஆனவர்கள் இந்த ஊரில் தெருவுக்குத் தெரு முளைத்துவிட்டார்கள்.

ஆபீசில் ரிப்போர்ட்டை நீட்ட வேண்டியதில்லை. எது கஷ்டமோ அதை மட்டும் கேளுங்கள். பேன்ட்ரி கதவுப் பக்கத்து இருக்கையை மாற்றிக் கேட்கலாம். மீட்டிங்கில் சொன்ன வேலையை நாலு வரி மெயிலில் அனுப்பச் சொல்லலாம். திடீரென்று மதியம் கூப்பிடாமல் காலையிலேயே நேரம் சொல்லச் சொல்லலாம். இதையெல்லாம் நல்ல மேனேஜர் காரணம் கேட்காமலே செய்வார். செய்யாதபோது ஹெச்ஆரிடம் நிறுவனத்தின் சமவாய்ப்புக் கொள்கையைக் கேளுங்கள். அதே 2016 சட்டம் ஒவ்வொரு நிறுவனமும் அதை வைத்திருக்க வேண்டும் என்கிறது.

பிறகு என்றாவது அட்டைக்குப் போனால், அந்த 14 பக்கம் சான்றிதழ் ஆகாது. அரசு மருத்துவக் குழு ஐசா (ISAA) என்ற ஆட்டிசம் அளவுகோலை வைத்துத் தானே மதிப்பெண் போடும். 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை. மொத்தம் 70 வந்தால்தான் 40 சதவீதம், அதற்குக் கீழே சலுகைகளுக்குத் தகுதி இல்லை. குழந்தைகளை மனதில் வைத்துச் செய்ததை, முப்பது வருடம் கண்ணைப் பார்த்துப் பேசப் பழகிக்கொண்ட ஒருவரிடம் பத்து நிமிடத்தில் போட்டுப் பார்க்கிறார்கள்! எனக்கு இதில் கோபம் வருவதுண்டு. அன்றைக்கு நீங்கள் இன்டர்வியூ போல நன்றாக நடந்துகொள்ளாதீர்கள், நடிக்கவும் வேண்டாம். சின்ன வயதில் உங்களைப் பார்த்தவர் பக்கத்தில் இருக்கட்டும். அம்மா சேலத்திலிருந்து வருவதானால், "யாரோடும் விளையாட மாட்டான்" என்று டீச்சர் எழுதிய ரேங்க் கார்டு பெட்டியில் கிடக்கிறதா என்று தேடி எடுத்துவரச் சொல்லுங்கள்.