அம்மாவின் போனுக்கு எந்தப் பூட்டு?

கேள்வி: என் அம்மாவுக்கு 71 வயது. போனைத் திறப்பதற்குள் அவருக்கு அழுகையே வந்துவிடுகிறது. பேட்டர்ன் மறந்துபோகிறது, கைரேகையைப் பாதி நேரம் ஏற்பதில்லை. போன் ரிப்பேர் செய்பவர், ‘பெரிய எழுத்தில் தெரியும் லாக் ஸ்கிரீன் ஆப் போட்டுத் தருகிறேன்’ என்கிறார். போடலாமா? இல்லை, பூட்டே வேண்டாம் என்று விட்டுவிடலாமா?

பதில்: இரண்டுமே வேண்டாம். முதலில், தவறு அம்மாவிடம் இல்லை என்று அவரிடம் சொல்லுங்கள். 2007-இல் வந்த முதல் ஐபோனில் திரையின் அடியில் ஒரு பள்ளம், அதில் ஓர் அம்புக்குறி, பக்கத்திலேயே ‘நகர்த்தினால் திறக்கும்’ என்று ஆங்கிலத்தில் எழுத்து. சின்னக் குழந்தைகூடத் திறந்தது. 2016-இல் அதையும் எடுத்துவிட்டார்கள். இன்று பல போன்களில் இருப்பது பொடிப் பூட்டுப் படம் ஒன்றுதான். வயதானவர்கள் போனைத் திறப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். நேராக அந்தப் பூட்டைத்தான் தொடுவார்கள். பூட்டைத் திறக்கப் பூட்டிடம்தானே போக வேண்டும்? பல போன்களில் அது அசையாது. அழுத்திப் பிடித்தால் சிலவற்றில் வால்பேப்பர் மாற்றும் பக்கம் வந்து நிற்கும். ‘ஏதோ கெட்டுப்போச்சு’ என்று போனைக் கீழே வைத்துவிடுவார்கள். அந்தப் பயத்தை உண்டாக்கியது வடிவமைத்தவர்கள்தான்.

பேட்டர்னை நீக்கிவிட்டு ஆறு இலக்க ரகசிய எண் (PIN, பின் நம்பர்) வையுங்கள். நம்பர் டயல் செய்யும் அதே வரிசையில்தான் எண்கள் வரும். விரலுக்குப் பழக்கமான இடம். பேட்டர்னில் கை லேசாக நடுங்கினாலும் கோடு பிசகும். திரையில் விரலின் எண்ணெய்த் தடமும் பதியும், அதைப் பார்த்தே மற்றவர்கள் கோட்டை ஊகிக்கலாம். பிறந்த தேதி வேண்டாம். அவருக்கு மனப்பாடமான ஒரு பழைய எண்ணின் கடைசி ஆறு இலக்கங்கள் போதும்.

பின் நம்பரோடு கைரேகையும் இருக்கட்டும். வயதானால் விரல் வறண்டு ரேகை தேய்ந்துவிடும், அதனால்தான் ஏற்பதில்லை. பழைய பதிவை அழித்துவிட்டு, அவர் போனை எப்படிப் பிடிப்பாரோ அப்படியே பிடிக்கச் சொல்லி இரண்டு கட்டைவிரல்களையும் பதியுங்கள். சென்சார் திரைக்குள் இருந்தால், திரைக்கு மேல் பாதுகாப்புக் கண்ணாடி ஒட்டிய பிறகுதான் பதிய வேண்டும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். போன் அணைந்து மறுபடி எழுந்தால், முதல் முறை கைரேகையை ஏற்காது, பின் நம்பரைக் கேட்கும். சார்ஜ் தீர்ந்து அணைந்தாலும் அப்படித்தான், இரவில் அப்டேட் ஆகித் தானாக எழுந்தாலும் அப்படித்தான். பல ஆண்ட்ராய்டு போன்கள், மூன்று நாளாகப் பின் நம்பரே போடவில்லை என்றால் ஒருமுறை கேட்டு வாங்கும். காலையில் எழுந்து விரலை வைத்துவைத்துப் பார்த்து அம்மா கலங்குவது இதனால்தான். ஆகவே கைரேகை நன்றாக வேலை செய்தாலும், தினமும் ஒருமுறை பின் நம்பர் போட்டே திறக்கச் சொல்லுங்கள். கை மறக்காது.

இப்போது அந்த ஆப். அது உண்மையான பூட்டே அல்ல, பூட்டின் மேல் விரித்த துணி. பல ஆப்கள் ‘அணுகல்தன்மை’ (Accessibility) அனுமதி கேட்கும். கொடுத்தால், திரையில் இருப்பதைப் படிக்கவும் அம்மாவுக்குப் பதிலாகப் பட்டனை அழுத்தவும் அதனால் முடியும். அதே போனில்தானே வங்கி ஆப்பும் இருக்கிறது? எழுத்தையும் எண்களையும் பெரிதாக்க செட்டிங்ஸிலேயே வழி உண்டு. அதற்கு யாரும் வேண்டாம்.

பின் நம்பர் மறந்துபோனால் ‘லாக் எடுத்துத் தருகிறேன்’ என்பவரிடம் போகாதீர்கள். அவர் பெரும்பாலும் செய்வது ரீசெட்தான். போட்டோ எல்லாம் அழியும். அதன் பிறகும் போன் பழைய கூகுள் கணக்கைக் கேட்கும். 2015 முதல் ஆண்ட்ராய்டில் இருக்கும் பாதுகாப்பு அது. உடனே அவர் அந்தக் கணக்கின் பாஸ்வேர்டையும் ஓடிபியையும் கேட்பார். கொடுத்தால் அம்மாவின் மெயில், போட்டோ, தொடர்பு எண்கள் எல்லாம் அவர் கையில். கூகுள் கணக்கு விவரத்தை இன்றே ஒரு தாளில் எழுதி வீட்டில் வையுங்கள்.

பூட்டே இல்லாவிட்டால் போனை எடுத்தவர் கைக்குப் பணம் வரை போகும். பூட்டு இருந்தும் ஓடிபி லாக் ஸ்கிரீனில் தெரிந்தால் அதுவும் ஆபத்து. நோட்டிஃபிகேஷனில் உள்ளடக்கத்தை மறைத்துவிடுங்கள். இதையெல்லாம் நிறுவனங்களே செய்து கொடுத்திருக்க வேண்டும். அவர்களில் சிலரோ அந்தத் திரையில் விளம்பரம் ஓட்டுகிறார்கள், ஒவ்வொரு அப்டேட்டிலும் செட்டிங்ஸை இடம் மாற்றுகிறார்கள்! விளம்பரத்தை அணைக்கும் வழி பெரும்பாலும் வால்பேப்பர் பகுதியில் ஒளிந்திருக்கும், தேடி அணையுங்கள். காலியான அந்த இடத்தில் உங்கள் போன் நம்பர் தெரியும்படி எழுதி வையுங்கள்.