டிவி, ஆம்ப்ளிஃபையருக்கு எந்த ஒயர், எத்தனை ஆம்பியர் ப்யூஸ்?

செங்கோட்டைப் பக்கம் புளியரையில் வீடு. டிவி, ஆம்ப்ளிஃபையர், கம்ப்யூட்டர் மூன்றும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில். ஆம்ப்ளிஃபையர் ப்யூஸ் அடிக்கடி போகிறது, பெரிசாகப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேண்டவே வேண்டாம். ப்யூஸைப் பெரிசாக்கினால் அடுத்து உருகுவது ஒயரோ டிரான்ஸ்ஃபார்மரோதான். செம்பு இழையை முறுக்கிச் சொருகுவது அதைவிட மோசம்.

பழைய கண்ணாடி ப்யூஸின் உலோக முனையைப் பாருங்கள். T3.15A என்றிருந்தால் 3.15 ஆம்பியர்; முன்னால் உள்ள T, மெதுவாக அறுகிற ரகம் என்பதற்கு. F என்றால் உடனே அறுவது. பெரிய டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஆம்ப்ளிஃபையர் ஆன் செய்த நொடியில் மட்டும் பல மடங்கு மின்சாரம் இழுக்கும். அங்கே F போட்டால் போய்க்கொண்டேதான் இருக்கும். கடைக்காரர் ‘எல்லாம் ஒண்ணுதான்’ என்பார், நம்பாதீர்கள். சரியான ரகம் போட்டும் போனால் உள்ளே கோளாறு, மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

ஒயர் கணக்கு சுலபம். வாட்ஸை 230ஆல் வகுத்தால் ஆம்பியர். மூன்றும் சேர்ந்து 500 வாட்ஸ் என்றாலும் 2 ஆம்பியர் சொச்சம்தான். ஐஎஸ்ஐ முத்திரையுள்ள, 1 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் கொண்ட மூன்று பின் பாக்ஸ் தாராளம். அதிலேயே 1500 வாட்ஸ் ஹீட்டரைச் செருகினால் 6.5 ஆம்பியர். அதற்குத் தனி 16 ஆம்பியர் பாயிண்ட் வேண்டும்.

அப்புறம், ஐப்பசி இடிமழையை எந்த ப்யூஸும் தடுக்காது. வானம் கறுக்கும்போதே பிளக்கோடு டிவி கேபிளையும் கழற்றிவிடுங்கள்.