செயற்கைக்கோள் தொலைக்காட்சி எப்படி இயங்குகிறது? கேபிளும் இணையமும் இருக்கும்போது டிஷ் எதற்கு?

டிஷ் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் என் தொழில். ஆகவே டிஷ்ஷிலிருந்தே தொடங்குகிறேன்.

அந்தக் கிண்ணத்துக்குள் எந்த மின்னணுப் பொருளும் இல்லை. வானிலிருந்து வரும் மெல்லிய நுண்ணலைகளைத் திரட்டி, முன்னால் நீண்டிருக்கும் எல்.என்.பி. என்னும் சிறிய மின்னணுக் கருவியின் மேல் குவிப்பதோடு அதன் வேலை முடிந்தது. உழைப்பெல்லாம் எல்.என்.பி.யுடையது. 12 கிகாஹெர்ட்ஸ் அளவில் வரும் அலை அப்படியே கேபிளில் இறங்கினால் வழியிலேயே தேய்ந்துவிடும். எனவே அதைப் பெருக்கி, 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸுக்குள் குறைத்துக் கீழே அனுப்புகிறது. அதற்கான மின்சாரமும் அதே கேபிளில்தான் மேலே ஏறுகிறது. பல டிஷ்களில், செட் டாப் பாக்ஸ் 13 வோல்ட் கொடுத்தால் செங்குத்தாக அதிரும் அலைகளும் 18 வோல்ட் கொடுத்தால் கிடைமட்டமாக அதிரும் அலைகளும் கிடைக்கும். நாம் சேனல் மாற்றும்போது இது சத்தமில்லாமல் நடந்துவிடுகிறது. ஒரே கம்பியில் இத்தனை வேலையா என்று எனக்கு இன்றும் வியப்புதான்.

டிஷ் ஏன் திரும்புவதே இல்லை? செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில், பூமி ஒரு முறை சுழலும் நேரத்துக்குள் ஒரு சுற்றை முடிக்கிறது. அதனால் நமக்கு ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரிகிறது. 1945-இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் எழுதிய யோசனை இது. 1964 டோக்கியோ ஒலிம்பிக் காட்சிகளை சின்காம் 3 என்ற செயற்கைக்கோள் பசிபிக் கடலைத் தாண்டி நேரலையாகக் கொண்டுசென்றது.

நிலையம் அனுப்பும் சிக்னல் மேலே போய்த் திரும்பிவர ஏறத்தாழ கால் நொடி ஆகும். பாக்ஸ் அதன் பூட்டை அவிழ்த்து, சுருக்கிய படத்தை விரித்துக் காட்டுகிறது.

பயன் என்றால், முதலில் சொல்ல வேண்டியது சமத்துவம். மலைக் கிராமம், தீவு, பாலைவனம் எதுவானாலும் அலை விழும் பரப்புக்குள் இருந்தால் நகரத்துக்குக் கிடைக்கும் அதே தெளிவு கிடைக்கும். பெரிய ஆட்டத்தைக் கோடிப் பேர் சேர்ந்து பார்த்தாலும் நெரிசல் கிடையாது. விரும்பிய படத்தை விரும்பிய நேரத்தில் கேட்டு வாங்க இணையம்தான் சிறந்தது. நேரலைக்கு நான் டிஷ்ஷையே பரிந்துரைப்பேன்.

கனமழை அலைகளை உறிஞ்சிச் சிதறடிப்பதால் படம் கட்டம் கட்டமாக உடையும். மழை விட்டதும் தானே சரியாகும். மார்ச், செப்டம்பரை ஒட்டிய சில நாட்களில் சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வரும்போதும் சில நிமிடங்கள் படம் போகும். அதற்காக டிஷ்ஷைத் திருப்பிவிடாதீர்கள். தெளிந்த வானத்தில் நாள் முழுக்கத் தடங்கல் என்றால், முதலில் எல்.என்.பி. இணைப்பில் தண்ணீர் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.