ஆங்கிலத்தில் ‘பிவில்டர்ட்’ (bewildered) என்றாலும் ‘கன்ஃப்யூஸ்ட்’ (confused) என்றாலும் குழப்பம்தானே? இரண்டு சொல் எதற்கு?

அகராதியைப் புரட்டினால் இரண்டுக்கும் ‘குழப்பம்’ என்றுதான் இருக்கும். ஆனால் ஒன்று இருக்கும் இடத்தில் இன்னொன்றைப் போட்டால் பல நேரம் ஒட்டாது.

கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில், நிற்கிற இரண்டு வண்டியில் குன்னூர் வண்டி எது என்று தெரியாமல் முழித்தால் அது கன்ஃப்யூஸ்ட். இரண்டே விஷயம், ஒன்றோடொன்று கலந்துவிட்டது. லத்தீன் மூலத்தின் பொருளே ‘சேர்த்து ஊற்றுவது’. நம் குழப்பமும் குழம்பும் ஒரே வேர் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள், மறக்காது.

பிவில்டர் வேறு ரகம். வழி தவறுவதைச் சொல்லும் ‘வில்டர்’ என்ற பழைய வினைக்கு முன்னால் ‘பி’ சேர்ந்தது. காடு, வனாந்தரம் என்று பொருள்படும் ‘வில்டர்னஸ்’ இதற்கு உறவுக்காரச் சொல்.

ஒரு சாயங்காலம் தேயிலைத் தோட்டத்துக் குறுக்குப் பாதையில் வந்துகொண்டிருந்தேன். மேகம் இறங்கிவிட்டது. இடுப்பளவுச் செடி, நடுநடுவே சில்வர் ஓக், எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே காட்சி. இறங்குகிறேன் என்று நினைத்து ஏறிக்கொண்டிருந்திருக்கிறேன். கூடையோடு நின்ற ஒரு அக்கா சிரித்தார்: “என்ன தம்பி, மூணாவது வாட்டி இங்கயே வர்றீங்க? திகைப்பூண்டு மிதிச்சிட்டீங்களா?”

மிதித்தால் திசை மறந்துபோகும் என்று ஊரில் கதை சொல்வார்களே, அந்தப் பூண்டுதான். பிவில்டர்டுக்கு இதைவிட நல்ல தமிழ் எனக்குக் கிடைக்கவில்லை: திகைத்துப்போவது. ‘திகை’ என்பதற்கே திசை என்றும் ஒரு பொருள் உண்டு.

சரி, பயன்பாடு. அக்காவைத் தங்கை என்று நினைத்துவிட்டால் கன்ஃப்யூஸ்ட் மட்டும்தான் பொருந்தும். ஊட்டி சாக்லேட் கடையில் எதை எடுப்பது என்றே தெரியாத அளவுக்குக் குவிந்திருந்தால் ‘பிவில்டரிங் வெரைட்டி’. அதில் குறை சொல்லும் தொனி இருக்க வேண்டியதில்லை, பிரமிப்பாகவும் இருக்கலாம். உச்சரிக்கும்போது அழுத்தம் ‘வில்’ மேல்.

அப்புறம், திகைப்பவர் பிவில்டர்ட், திகைக்க வைப்பது பிவில்டரிங். ஒரு நேர்முகத் தேர்வில் கேள்வி புரியாமல் “ஐ ஆம் பிவில்டரிங்” என்று சொல்லிவிட்டேன். நான் உங்களைத் திகைக்க வைக்கிறேன் என்று அர்த்தம். எதிரே இருந்தவர் முகத்தைப் பார்த்தால், அது தப்பு என்றும் சொல்ல முடியவில்லை.