போர்க் மாற்றமுன் காற்றைப் பாருங்கள்: சைக்கிள் ஷொக் கேள்வி பதில்

மவுண்டன் சைக்கிளின் ஷொக் பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். முன்சில்லைப் பிடித்து, அடி விழும்போது அமுங்கி எழும்பும் முன் ஷொக்தான் போர்க். வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இதோ. பிறேக், கியர் இன்னொரு நாளைக்கு.

கிளிநொச்சித் தம்பி: இரணைமடுப் பக்கம் கிறவல் ரோட்டில் வேகமாகப் போனால் தொடக்கத்தில் நன்றாக இருக்கிறது. கொஞ்சத் தூரத்தில் முன்பக்கம் இறுகி, கை விறைக்கிறது. 100 மில்லிமீற்றர் அமுங்கும் காற்றுப் போர்க். மாற்றவா?

மாற்ற வேண்டாம் தம்பி. டிப்பரும் உழவு இயந்திரமும் ஓடி ஓடி எங்கள் கிறவல் ரோட்டுகளில் அலை அலையாக வரி விழுந்திருக்கும். ஒரு வரியில் அமுங்கிய போர்க், அடுத்த வரி வருமுன் எழும்பிவிட வேண்டும். ரீபவுண்ட், அதாவது அமுங்கியது திரும்ப எழும்பும் வேகம், மெதுவாக இருந்தால் பாதி எழும்பும்போதே அடுத்த அடி விழும். இப்படியே கீழே கீழே இறங்கி, அமுங்க இடமில்லாமல் கட்டையாகிவிடும். உங்களுக்கு நடப்பது அதுதான் என்று நினைக்கிறேன்.

முதலில் சாக். நீங்கள் ஏறியதும் போர்க் தானாக அமுங்கும் அளவு அது. 100 மில்லிமீற்றர் போர்க்குக்கு 20 மில்லிமீற்றர் அளவில் இருக்கட்டும். போர்க்கின் மினுங்கும் மேற்குழாயில் ரப்பர் வளையம் இல்லையென்றால் ஒரு கேபிள் டையைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். காற்றைக் கூட்டிக் குறைக்க ஷொக் பம்ப்தான் வேண்டும். காற்றறை சிறியது, ரயர் பம்பால் அளவு பிடிக்க முடியாது. சாக் சரிவந்த பிறகு ரீபவுண்ட் குமிழை முயல் படத்தின் பக்கம் (வேகமாக எழும்பும் பக்கம்) ஒரு கிளிக் திருப்பி, அதே ரோட்டில் ஓடுங்கள். பிறகு இன்னொரு கிளிக். முன்சில்லு நிலத்தை விட்டுத் துள்ளத் தொடங்கினால் ஒரு கிளிக் திரும்பி வாருங்கள்.

மல்லாவி: ஸ்பிரிங் போர்க். ப்ரீலோட் குமிழை முழுக்க இறுக்கியும் அடிவரை போய் இடிக்கிறது.

ப்ரீலோட் என்பது ஸ்பிரிங்கை முன்கூட்டியே கொஞ்சம் அமுக்கி வைப்பது, அது ஸ்பிரிங்கை வலுவாக்காது. ஸ்பிரிங் எவ்வளவு பாரத்தில் அமுங்கத் தொடங்கும் என்பதைத்தான் மாற்றும். உங்கள் எடைக்கேற்ற வலுவான ஸ்பிரிங் அந்த மொடலுக்குக் கிடைக்குமா என்று தேடுங்கள். கிடைக்காவிட்டால் காற்றுப் போர்க். வாங்குமுன் போர்க் நுழையும் கழுத்துக் குழாய் நேரானதா, கீழே அகன்றதா என்று பாருங்கள். நீளத்தையும் கூட்டாதீர்கள். 20 மில்லிமீற்றர் கூடினாலே கழுத்துக் கோணம் ஏறத்தாழ 1 பாகை சாயும். மெதுவாக வளைக்கும்போது ஹாண்டில் தன் பாட்டுக்கு விழப் பார்க்கும், பிரேமுக்கும் பாரம் கூடும்.

ஒட்டுசுட்டான் அண்ணை: இதெல்லாம் மலைநாட்டுக்குச் சரி. மட்டமான வன்னிக்கு ஷொக் எதற்கு? பெரிய ரயர் போதும்.

இதற்குப் பின்னால் ஆறேழு பேர் வரிசையில் நின்றார்கள். ரயர் விஷயத்தில் நான் அண்ணையின் பக்கம். கரையில் அச்சடித்திருக்கும் உச்ச அளவு வரை அடித்துவிட்டு ஷொக் சரியில்லை என்று வருகிறவர்கள்தான் அதிகம். 2.2 அங்குல ரயர், 65 கிலோ ஆள் என்றால் 30 பிஎஸ்ஐ அளவில் தொடங்குங்கள். ரியூப் ரிம்மில் அடிபட்டு வெடித்தால் கொஞ்சம் கூட்டுங்கள். உடைமுள்ளுக்கு ரியூபுக்குள் ஓட்டை அடைக்கும் சீலன்ட் திரவம் விடலாம்.

ஆனால் முழங்காவில் தங்கச்சி ஒருவர் அண்ணைக்குக் கொடுத்த பதில் சரியானது: "காட்டு ஒழுங்கையில் பாலை வேரும், காய்ந்த சேற்றில் இறுகிய மாட்டுக் குளம்புத் தடமும் அடுத்தடுத்து வரும்போது ரயர் மட்டும் பிடிக்காது." ரயர் சிறு அதிர்வைத்தான் விழுங்கும். பெரிய அடியில் சில்லை நிலத்தோடு வைத்திருப்பது போர்க். அதனால் தார் ரோட்டோடு நிற்பவர் ஷொக்குக்குச் செலவழிக்க வேண்டாம், ஒழுங்கை ஓடுபவருக்கு அது வேண்டும். ஓடும் ஒழுங்கை ஊர்ச்சனம் நடமாடும் ஒழுங்கையாக இருக்கட்டும். கண்ணிவெடி அகற்றி முடிக்காத இடங்கள் இன்னும் உண்டு, புதுப் பாதை தேடி இறங்காதீர்கள்.

முல்லைத்தீவு: மேற்குழாயில் டபிள்யூடி-40 அடிக்கலாமா?

கூடாது. புழுதி உள்ளே போகாமல் தடுக்கும் ரப்பர் சீலுக்குப் பூசிய கிறீசைக் கழுவிவிடும், புழுதியும் ஒட்டும். ஓடி முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்தாலே போதும். உங்கள் பக்கம் கடற்காற்று வேறு, உப்பும் சேரும்.

பரந்தன்: தேங்காய் எண்ணெய்?

மேலே பாருங்கள். எந்த எண்ணெயும் வேண்டாம்.

நெடுங்கேணி: பின் ஷொக் உள்ள சைக்கிளில் பால் கான் கட்டலாமா?

அதற்குச் சாதாரண லுமாலா சைக்கிளே நல்லது.

மாங்குளம்: சேவிஸ் எப்போது?

நல்ல போர்க்குகளுக்குக் கீழ்க்கால்களைக் கழற்றி ஒயில் மாற்ற 50 மணி நேர ஓட்டம் என்பது பரவலான கணக்கு. எங்கள் புழுதிக்கு அதைத் தாண்ட விடாதீர்கள். ஐப்பசி மழை தொடங்குமுன் ஒன்று, மாரி முடிந்ததும் ஒன்று. போர்க் ஒயில்தான், எஞ்சின் ஒயில் இல்லை.

இன்னும் நாலு பேர்: எந்தப் போர்க் வாங்கலாம்?

உங்கள் எடை, ரயர் காற்று, சாக் மூன்றையும் அளந்து அனுப்புங்கள். அப்புறம் மொடலைப் பற்றிப் பேசலாம்.