அம்மாவின் கையிலிருந்து போனை வாங்கிவிடலாமா?

கேள்வி:

என் அம்மாவுக்கு 68 வயது. ஓய்வுபெற்ற ஆசிரியை. அப்பா போன பிறகு மயிலாடுதுறையில் தனியாக இருக்கிறார். போன மாதம் ஒருநாள் காலை, அம்மா பெயரில் மும்பையிலிருந்து வெளிநாட்டுக்குப் போன பார்சலில் போதைப்பொருள் இருந்ததாக ஒரு போன் வந்திருக்கிறது. அப்புறம் போலீஸ் உடுப்பில் ஒருவன் வீடியோ காலில் வந்து, 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று சொல்லி இரண்டரை மணி நேரம் அசையாமல் உட்கார வைத்திருக்கிறான். பால்காரர் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்ல, அவர் கொல்லைப்பக்கமாக உள்ளே போய் போனைப் பிடுங்கி அணைத்ததால் பணம் தப்பியது. அன்றிலிருந்து அம்மா போனைத் தொடுவதில்லை. மணி அடித்தாலே கை நடுங்குகிறது. "ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் புத்தி சொன்னவள் ஏமாந்தாள் என்று சிரிப்பார்கள், யாரிடமும் சொல்லாதே" என்கிறார். பெங்களூரில் இருக்கும் என் அண்ணன், பட்டன் போன் வாங்கிக் கொடுத்துவிட்டு வங்கிக் கணக்கைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். "தினம் பேப்பரில் இதுதானே வருகிறது, இன்னும் என்ன யோசனை?" என்கிறார். அம்மாவும் சரி என்கிறார். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. நான் நினைப்பது தப்பா?

கும்பகோணம் வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரி,

தப்பே இல்லை. அம்மாவிடமிருந்து போனை வாங்காதீர்கள்.

முதலில் அந்தப் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் பால்காரருக்கும் என் வணக்கத்தைச் சொல்லிவிடுங்கள். தினமும் கதவைத் திறந்து பால் வாங்குகிறவர் அன்றைக்கு வரவில்லையே என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. அவர் அதை இன்னொருவரிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். அந்த வீட்டுக்குள் அன்று நடந்ததை வெளியிலிருந்து கண்டுபிடித்தது இந்த இரண்டு பேர்தான்.

உங்கள் அண்ணன் சொல்வதில் கோபப்பட ஒன்றுமில்லை. பயத்தில் சொல்கிறார். ஆனால் அம்மாவுக்கு விவரம் போதவில்லை, அதனால் மாட்டிக்கொண்டார் என்ற நினைப்பு அவருக்குள் இருக்கிறது. அம்மாவுக்கும் அதே நினைப்பு. பிரச்சினையே இந்த நினைப்புதான்.

பஞ்சாபில் வர்த்மான் என்ற பெரிய ஜவுளிக் குழுமத்தின் தலைவர் எஸ்.பி.ஓஸ்வால், பத்மபூஷண் விருது பெற்றவர். எண்பது வயதைத் தாண்டிய அவரை 2024இல் இதே மாதிரி மிரட்டினார்கள். கேமராவை அணைக்க விடவில்லை. தூங்கும்போதுகூட அது அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. உச்ச நீதிமன்றத்தைப் போலவே ஒரு பொய் விசாரணை நடத்தி, தலைமை நீதிபதி என்று ஒருவரைப் பேசவைத்து, ஏழு கோடி ரூபாயைக் கறந்தார்கள். ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை கொடுத்தவர், வக்கீல்களும் கணக்கர்களும் சூழ இருப்பவர், அவருக்கே இந்த நிலைமை. அவர் வெளியே வந்து தொலைக்காட்சியில் தன் கதையை வாய்விட்டுச் சொன்னார். அந்தப் பேட்டியை அம்மாவோடு உட்கார்ந்து பாருங்கள்.

இந்த மோசடியில் சீக்கிரம் மாட்டுகிறவர்கள் சட்டத்துக்குப் பயந்து நடப்பவர்கள்தான். உங்கள் அம்மாவை எனக்குத் தெரியாது. ஆனாலும் அந்தத் தலைமுறை ஆசிரியைகளைத் தெரியும். மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தால் அன்றைக்கே பதில் போட்டவர்கள். வருகைப் பதிவேட்டில் ஒருநாள்கூட நேரம் மாற்றிக் கையெழுத்துப் போடாதவர்கள். அப்படிப்பட்டவரிடம் போய் "உங்கள் ஆதார் எண்ணில் குற்றம் நடந்திருக்கிறது" என்று சொன்னால் எப்படி இருக்கும்? அடிவயிறு கலங்கத்தான் செய்யும். கூடவே "இதை யாரிடமாவது சொன்னால் அவர்களையும் சேர்ப்போம்" என்கிறான். பிள்ளைகளைக் காப்பாற்றத்தான் அவர் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறார். அந்த இரண்டரை மணி நேரமும் உங்களையும் அண்ணனையும் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்திருப்பார்.

பேப்பரில் தினம் வருகிறது என்கிறாரே அண்ணன், அந்தச் செய்திகள் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. 'படித்தவரே ஏமாந்தார்', 'ஓய்வுபெற்ற அதிகாரி பறிகொடுத்தார்' என்று தலைப்பெல்லாம் ஏமாந்தவர் மேலேயே இருக்கும். ஏமாற்றியவன் யார், பணம் எந்தக் கணக்குக்குப் போனது, அந்தக் கணக்கைத் திறந்து கொடுத்த கிளை எது என்று தேடினால் கடைசிப் பத்தியில்கூட இருக்காது. 2024ஆம் ஆண்டில் மட்டும் இந்தியர்கள் இணைய மோசடிகளில் 22,845 கோடி ரூபாய் இழந்ததாக உள்துறை அமைச்சகம் நாடாளுமன்றத்தில் சொன்னது. முந்தைய ஆண்டைப் போல இது மூன்று மடங்கு. மக்கள் ஒரே வருடத்தில் மூன்று மடங்கு முட்டாளாகிவிடுவார்களா? மோசடி ஒரு தொழிற்சாலை மாதிரி வளர்ந்துவிட்டது.

இதை நான் பேச்சுக்குச் சொல்லவில்லை. கம்போடியாவிலும் மியான்மரிலும் லாவோஸிலும் முள்வேலி போட்ட வளாகங்களுக்குள் இதையே வேலையாகச் செய்கிறார்கள். ஐ.டி. வேலை என்று நம்பிப் போன நம் தமிழ்ப் பிள்ளைகளே 2022இல் மியான்மரின் மியாவாடியில் சிக்கி, மீட்டு அழைத்துவரப்பட்டார்கள். ஆக, அந்தப் பக்கம் பேசுகிறவனிலேயே சிலர் அடித்து உட்கார வைக்கப்பட்டவர்கள். என்ன பேச வேண்டும், எந்த இடத்தில் குரலை உயர்த்த வேண்டும், எப்போது 'மேலதிகாரி'க்கு மாற்ற வேண்டும் என்று எல்லாம் எழுதி வைத்திருப்பார்கள். ஒரு காலை நேரத்தில் அடுப்பில் உலை வைத்திருந்த ஒரு பெண்மணி அதற்கெல்லாம் தயாராகவா இருப்பார்?

அப்புறம், இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். ஒருநாள் என் பெரியம்மா வீட்டில் இருந்தேன். வாசலில் காஸ் சிலிண்டர் வந்தது. கொண்டுவந்தவர் சிலிண்டரைத் தோளிலிருந்து இறக்காமலே, "ஓடிபி சொல்லும்மா" என்றார். பெரியம்மா போனை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, "ஓடிபியை யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு பேங்கிலே சொல்லியிருக்காங்க" என்றார். அவரோ, "சொன்னாத்தாம்மா சிலிண்டர்" என்கிறார். இரண்டு பேர் சொல்வதும் சரி. சிலிண்டர் யார் கைக்குப் போகிறது என்று உறுதி செய்ய அந்த எண்ணைச் சொல்லத்தான் வேண்டும், வங்கியிலிருந்து வரும் எண்ணைச் சொல்லவே கூடாது. ஆனால் இரண்டும் ஒரே பெட்டியில், ஒரே மாதிரி நாலோ ஆறோ இலக்கமாக வந்து விழுகின்றன. பெரியம்மா கண்ணாடியைத் தேடி எடுத்து, ஆங்கிலத்தில் வந்த அந்தச் செய்தியை எழுத்துக்கூட்டிப் படித்து முடிப்பதற்குள் சிலிண்டர்காரர் இரண்டு முறை தோள் மாற்றிவிட்டார். பார்சல்காரர் கேட்டால் சொல்லு, வங்கி என்று சொல்லிக்கொண்டு கேட்டால் சொல்லாதே, ஆதாருக்குக் கேட்டால் யோசித்துச் சொல்லு. இத்தனை விதிகளை உண்டாக்கியவர்கள் எளிமையாக எதையும் செய்யவில்லை. குழம்பியவர் தலையில் பழியைப் போடுவது மட்டும் சுலபமாக இருக்கிறது.

சரி, அண்ணனின் யோசனைக்கு வருகிறேன். பட்டன் போன் கொடுத்தால் வீடியோ கால் வராதுதான். ஆனால் இந்த மிரட்டல்கள் பெரும்பாலும் சாதாரண அழைப்பில்தான் ஆரம்பிக்கின்றன. "இன்னும் இரண்டு மணி நேரத்தில் உங்கள் எண் துண்டிக்கப்படும்" என்ற பதிவுக் குரல் பட்டன் போனிலும் ஒலிக்கும். பயம் பட்டன் போனிலும் அதே பயம்தான். பேத்தியின் முகம்தான் அதில் தெரியாது. தனியாக இருக்கும் அம்மாவை இன்னும் தனியாக்கிவிட்டு, அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைக்க வேண்டாம்.

கணக்கு விஷயத்திலும் அப்படித்தான். அது அவர் உழைத்து வாங்கும் பென்ஷன். மளிகைக் காசுக்கு மகனிடம் கேட்க வேண்டிய இடத்தில் அவரை நிறுத்தினால், அந்தத் திருடன் எடுக்க முடியாததை நாமே எடுத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அம்மா இன்று சரி என்கிறார் என்றால், அது வெட்கத்தில் வரும் சரி. இதற்கு வேறு வழி இருக்கிறது. பென்ஷன் வரும் கணக்கில் நெட்பேங்கிங், யுபிஐ இரண்டும் வேண்டாம் என்று கிளையில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஏடிஎம் கார்டும் பாஸ்புக்கும் போதும். இன்னொரு சின்னக் கணக்கைத் திறந்து, மாதாமாதம் செலவுக்கு ஐயாயிரமோ பத்தாயிரமோ அம்மாவே அதில் போடட்டும். போனில் இருக்கும் யுபிஐ அந்தச் சின்னக் கணக்கோடு மட்டும் சேர்ந்திருக்கட்டும். போன் வழியாக யார் மிரட்டி வாங்கினாலும் அன்றைக்கு அதில் இருப்பதுதான் போகும். வைப்புத் தொகை இருந்தால் அதன் ரசீதை நீங்கள் மூவரும் ஒன்றாக உட்கார்ந்து பாருங்கள். ஒளித்து வைக்க வேண்டாம். இந்த மோசடியில் பெரிய தொகைகள் பல வைப்புத் தொகையை உடைத்துத்தான் போயிருக்கின்றன.

அம்மாவிடம் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். டிஜிட்டல் அரெஸ்ட் என்ற ஒன்று இந்தியச் சட்டத்தில் கிடையவே கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் அதைச் சொன்னார். கைதை விடுங்கள், விசாரணைக்கு வரச் சொல்லும் நோட்டீஸைக்கூட போலீஸ் வாட்ஸ்ஆப்பில் அனுப்பினால் செல்லாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இதை அம்மா தன் கையெழுத்தில் ஒரு தாளில் எழுதி, போன் வைக்கும் இடத்துக்கு மேலே ஒட்டட்டும். நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள். அவர் எழுத்து அவருக்குத் தைரியம் கொடுக்கும். அதற்குக் கீழே இன்னொரு வரி: பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் தேவையில்லை, பின் கேட்டாலே பணம் நம்மைவிட்டுப் போகிறது என்று அர்த்தம். அதற்கும் கீழே 1930 என்ற எண்ணைப் பெரிதாக எழுதட்டும். பணம் போய்விட்டால் அந்த நிமிடமே கூப்பிட வேண்டிய எண் அது. எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ, பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்கு முன் முடக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு.

ஒரு வீட்டு வார்த்தையும் வைத்துக்கொள்ளுங்கள். குரலை அப்படியே நகலெடுத்துப் பேசும் மென்பொருள்கள் வந்துவிட்டன. நாளைக்கு உங்கள் குரலிலேயே "அம்மா, ஆக்சிடென்ட் ஆயிடுச்சு" என்று ஒரு அழைப்பு வரலாம். அம்மா உடனே அந்த வார்த்தையைக் கேட்க வேண்டும். பழைய வீட்டுப் பசுவின் பெயர், அப்பா வைத்த செல்லப் பெயர், இப்படி இணையத்தில் எங்கேயும் இல்லாத ஒன்றாக இருக்கட்டும். அப்புறம் ஒருநாள் ஒத்திகை பாருங்கள். நீங்கள் கூப்பிட்டு அதிகாரி மாதிரி பேசுங்கள், அம்மா பாதியிலேயே போனை வைக்கட்டும். மரியாதை தெரிந்தவர்களுக்கு எதிராளி பேசிக்கொண்டிருக்கும்போது வைப்பது உடம்பிலேயே வராது. அதைத்தான் பழக வேண்டும். பத்து தடவையாவது வைக்கச் சொல்லுங்கள்.

உங்கள் கேள்விக்கு வெளியே போகிறேன் என்றாலும் இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. பிரிட்டனில் 2024 அக்டோபர் 7 முதல், இப்படி ஏமாற்றிப் பணம் அனுப்ப வைத்தால், வங்கிகள் அந்தப் பணத்தை 85,000 பவுண்டு வரை வாடிக்கையாளருக்குத் திருப்பித் தர வேண்டும். அனுப்பிய வங்கி பாதி, திருடனுக்குக் கணக்கு வைத்துக் கொடுத்த வங்கி பாதி. பணம் தன் கையைவிட்டுப் போகும் என்று ஆனதும் வங்கிகளுக்குக் கண் திறக்கிறது. நம் ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கையில், நம் தப்பு இல்லாமல் பணம் போனால் மூன்று வேலை நாளுக்குள் புகார் கொடுத்தால் நஷ்டம் நமக்கில்லை என்று சொல்லப்பட்டிருந்தது. மிரட்டலில் நாமே அனுப்பினோம் என்றால் அந்தச் சுற்றறிக்கையின் பாதுகாப்பு கைகொடுக்கவில்லை. கழுத்தில் கத்தி வைத்து வாங்குவதைக் கொள்ளை என்கிறோம். கேமராவை வைத்து வாங்குவதை மட்டும் 'வாடிக்கையாளரின் கவனக்குறைவு' என்றால் எப்படி ஒப்புக்கொள்வது? ஹரியானாவின் அம்பாலாவைச் சேர்ந்த ஒரு முதிய தம்பதி ஒரு கோடிக்கு மேல் பறிகொடுத்துவிட்டு உச்ச நீதிமன்றத்துக்கு எழுதினார்கள். அதை வைத்துத்தான் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்து, 2025 டிசம்பரில் இந்த வழக்குகளை சி.பி.ஐ. விசாரிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அவர்களும் ஊர் சிரிக்கும் என்று பயந்து சும்மா இருந்திருந்தால் இது நடந்திருக்காது.

அதனால் உங்கள் அம்மாவும் எழுதட்டும். பணம் போகவில்லை என்றாலும் புகார் கொடுக்கலாம். மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கு ஒரு கடிதம். எத்தனை மணிக்கு அழைப்பு வந்தது, எந்த எண்ணிலிருந்து, அவன் என்ன பெயர் சொன்னான், உடுப்பில் என்ன இருந்தது, பின்னால் சுவரில் என்ன மாட்டியிருந்தது எல்லாவற்றையும் எழுதட்டும். பரீட்சைத் தாள் திருத்திய கண், கட்டாயம் கவனித்திருக்கும். அழைப்புப் பட்டியலில் அந்த எண்கள் இன்னும் இருக்கும், யாரும் அழித்துவிடாதீர்கள். நீங்கள் இந்த வாரமே மயிலாடுதுறை போய், அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கடிதத்தை எழுத வையுங்கள். எழுதி முடித்ததும் முதலில் அதைப் படித்துக் காட்ட வேண்டியது பக்கத்து வீட்டு அக்காவிடம்.