துப்பாக்கி வித்த காசுல ஆஸ்பத்திரி செலவுக்கும் பங்கு வேணும்

கேள்வி: அண்ணே, எங்க அக்கா மவன் அமெரிக்காவுல வேல பாக்குறான். அங்க குண்டு பட்டவங்க வைத்தியச் செலவுல துப்பாக்கி கம்பெனியும் பங்கு கட்டணும்னு பேசுறாங்களாம். கம்பெனியா போயி சுட்டுச்சு? இது நியாயமா? (ஒரு வாசகர், தங்கச்சிமடம்)

நியாயம்தான் தம்பி. ஒருத்தருக்கு குண்டு பட்டா ஆம்புலன்ஸ், ஆபரேஷன், ரத்தம், ஐசியூ, அப்புறம் கையோ காலோ வெளங்காம போச்சுன்னா ஆயுசுக்கும் வைத்தியம், இதையெல்லாம் யாரு தூக்குறாங்கன்னு பாருங்க. அமெரிக்க அரசோட தணிக்கை அலுவலகம் 2021ல கணக்கு பாத்துச்சு, ஆஸ்பத்திரியில முதல் சிகிச்சைக்கு மட்டுமே வருஷத்துக்கு 100 கோடி டாலருக்கு மேல ஆகுது, அதுல 60 சதவீதத்துக்கு மேல மெடிகெய்டு மாதிரி அரசு காப்பீடு தலையிலதான் விழுது. மெடிகெய்டுங்கிறது நம்ம முதலமைச்சர் காப்பீட்டு அட்டை மாதிரி, இல்லாதப்பட்டவங்களுக்கானது. லாபம் கம்பெனிக்கு, பில்லு வரி கட்டுற சனத்துக்கு.

நம்ம கடற்கரையில இறால் பண்ண வந்து நல்ல தண்ணியெல்லாம் உப்பாகுதுன்னு எத்தன ஊர்ல சண்டை நடந்துச்சு. சர்வோதய ஜெகந்நாதன் ஐயா போட்ட வழக்குல 1996 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் என்ன சொல்லுச்சு, கெடுத்தவன்தான் ஈடு கட்டணும்னு சொல்லுச்சு. துப்பாக்கி விஷயத்துல நடுவுல சுடுறவன்னு ஒருத்தன் நிக்கிறான், அது வேறதான், ஒத்துக்குறேன். ஆனா அந்த சுடுறவன் கைக்கு அது எப்படி போச்சு? 1998ல அமெரிக்காவுல குற்றத்துல பிடிபட்ட துப்பாக்கிங்க எந்த கடையில வித்ததுன்னு நம்பர வச்சு தேடிப் பாத்தாங்க, அப்படி கண்டுபிடிச்சதுல 57 சதவீதம் வெறும் 1.2 சதவீத கடைங்கள்ல இருந்து வந்துருக்கு! அந்தக் கடைக்கு சரக்கு அனுப்பாதன்னு நிறுத்துற சக்தி யாருகிட்ட இருக்கு, துப்பாக்கி செய்யிற கம்பெனிகிட்டதான இருக்கு. செலவுல பங்கு வந்தாதான் அவங்களுக்கு அந்த அக்கறை வரும்.

கோர்ட்டுக்கு போகலாமேன்னு கேப்பீங்க. துப்பாக்கி கம்பெனி மேல வழக்கு போட முடியாதபடி அங்க 2005ல ஒரு சட்டம் போட்டு அந்த வாசல பெரும்பாலும் அடைச்சிட்டாங்க, கொஞ்சம் விலக்குதான் உண்டு. அமெரிக்காவுல சாண்டி ஹூக் பள்ளிக்கூடத்துல 2012ல ஒருத்தன் சுட்டு 20 பிள்ளைங்களும் 6 பெரியவங்களும் செத்தாங்களே, அதுல 9 குடும்பம், துப்பாக்கிய விளம்பரம் பண்ணுன விதம் தப்புன்னு மாநில சட்டத்த பிடிச்சு வழக்கு நடத்தி 2022ல அந்தத் துப்பாக்கிய செஞ்ச ரெமிங்டன் கம்பெனியோட இன்சூரன்ஸ்காரங்ககிட்ட இருந்து 7.3 கோடி டாலர் சமரசமா வாங்குனாங்க. பிள்ளைய பறிகொடுத்த வீடு அத்தன வருஷம் கோர்ட்டு வாசல்ல நிக்கணுமா? அதனாலதான் வழக்கில்லாம சட்டத்துலயே பங்கு வைக்கணுங்கிறேன்.

கேள்வி: விலைய ஏத்தி வாங்குறவங்க தலையிலதான கட்டுவாங்க? (ஒரு வாசகி, பாம்பன்)

ஏத்துவாங்கதான்மா. இப்ப இருக்குற விலையில அந்த ஆஸ்பத்திரி செலவு சேரல, அதனாலதான் அது மலிவா தெரியுது. வரி ஒண்ணும் புதுசும் இல்ல, அங்க கைத்துப்பாக்கிக்கு 10, நீளத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீதம் வரி ஏற்கனவே இருக்கு, 1937ல வந்த ஒரு சட்டத்துப்படி அந்தக் காசு காட்டு விலங்குங்கள காக்குறதுக்கு போகுது. மானுக்கு குடுக்க முடியுது, குண்டு பட்ட மனுஷனுக்கு குடுக்க மாட்டாங்களான்னு எனக்கு மனசு கெடந்து அடிச்சுக்கும். கலிபோர்னியாவுல 2024 ஜூலைலருந்து இன்னொரு 11 சதவீதம் போட்டு வன்முறைய தடுக்குற வேலைக்கு விடுறாங்க. ஆனா விக்கிற எல்லாத்துக்கும் ஒரே வரின்னா பொறுப்பா விக்கிறவனும் கண்ண மூடிட்டு விக்கிறவனும் ஒண்ணாயிருவான், எவன் சரக்குல எத்தன பேரு அடிபட்டாங்களோ அதுக்குத் தக்கபடி பங்கு வச்சாதான் சரின்னு நெனைக்கிறேன்.

கேள்வி: கடல் தொழிலுக்குப் போன நம்ம புள்ளைகளுக்கு குண்டு பட்டா எந்த கம்பெனிய கேக்குறது? (ஒரு வாசகர், ராமேஸ்வரம்)

அய்யா, இந்தக் கேள்விக்குத்தான் நானும் ரொம்ப நேரம் பேனாவ வச்சிட்டு உக்காந்திருந்தேன். 2017 மார்ச்ல தங்கச்சிமடத்துப் பையன் ஒருத்தன் கடல்ல குண்டடிபட்டு செத்தத நம்ம ஊரு மறக்கல, இலங்கை நேவி நாங்க சுடலன்னு சொல்லிருச்சு. நேவி துப்பாக்கின்னு வந்துட்டா அது ஒரு அரசாங்கத்தோட துப்பாக்கி, அங்க கம்பெனிய கேக்குறதுல பிரயோசனம் இல்ல, அந்த அரசாங்கத்தத்தான் கேக்கணும். கேட்டா கெடைக்கும்ங்கிறதுக்கு சாட்சி இருக்கு: 2012ல கேரளா பக்கம் இத்தாலிக் கப்பல்ல இருந்து சுட்டு ரெண்டு மீனவங்க செத்தாங்க, ஒருத்தரு நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்காரரு, சர்வதேச நடுவர் மன்றம் வரைக்கும் போயி 2021ல இத்தாலி 10 கோடி ரூவா கட்டுச்சு, குடும்பத்துக்கு தலா 4 கோடி, படகுக்காரருக்கு 2 கோடி. டெல்லி விடாம நின்னதால வந்த காசு அது. நமக்கும் அப்படி நிக்கணும்.

அதுவரைக்கும் ஒண்ணு செய்யுங்க அய்யா. கடல்ல யாருக்காச்சும் குண்டு பட்டு கரைக்கு வந்தா, மரைன் போலீஸ்ல எழுதிக் குடுத்து எப்ஐஆர் நகல வாங்கிருங்க, அன்னிக்கு கடலுக்குப் போன டோக்கன், ஆஸ்பத்திரியில குடுத்த காயச் சான்று, மதுரைக்கு தூக்கிட்டுப் போன வண்டி ரசீது வரைக்கும் சம்மாட்டி, அதான் படகு சொந்தக்காரரு, அவருகிட்ட ஒரு நகல், சங்கத்துல ஒரு நகல் குடுத்து வச்சிருங்க.